மிகா இடத்தில் மிகுந்த ஒற்று: 2,300 ரூபாய் கீபோர்டும் 17,000 ரூபாய் கீபோர்டும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக்காக நான் தட்டச்சு செய்து கொடுத்த நகலில் "நில்லம்" என்று மூன்று இடங்களிலும் "வேல்லி" என்று ஓர் இடத்திலும் பிழை இருந்தது. தாளை வாங்கிப் படித்த அண்ணாச்சி, நாற்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மக்களே, ஒனக்கு இலக்கணம் மறந்து போச்சா, இல்ல கண்ணு மங்கிப் போச்சா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. நான் ஒருமுறை தட்டிய "ல" விசையை என் கீபோர்டு இருமுறை என்று எண்ணிக்கொண்டிருந்தது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும் என்பதால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்து உடனே கண்ணில் பட்டிருக்கக்கூடிய கோளாறு, தமிழில் ஒற்றுப் பிழையாக வேடமிட்டு வந்தது. வல்லினம் மிகா இடங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன், மெல்லினமும் இடையினமும் கூட மிகும் ஒரு கருவியை 2,300 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன்.

அந்தக் கீபோர்டையும், அதற்குப்பின் வாங்கிய 17,000 ரூபாய்க் கீபோர்டையும் ஒரே மேசையில் வைத்துப் பல மாதங்கள் வேலை செய்தபின் இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் விளையாட்டுக்காரர்களுக்காகவும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காகவும் செய்யப்பட்டவை. நாள் முழுவதும் தமிழும் மலையாளமும் அடிக்கிறவனின் விரலுக்கு வேறு கணக்கு இருக்கிறது.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது களியக்காவிளைக்குப் பக்கத்தில். சாலையைத் தாண்டி நடந்தால் பாறசாலைப் பக்கம், கேரளம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, மனிதர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆனார்கள், ஆனால் பெட்டிக்குள் இருந்த பிரமாணங்கள் மலையாளத்திலேயே இருந்துவிட்டன. பிரமாணம் என்று இங்கே சொல்வது நிலப்பத்திரத்தை. வங்கிக் கடனுக்கோ வழக்குக்கோ பாகம் வைப்பதற்கோ அவை வெளியே வரும்போது, மூலத்தை மலையாளத்தில் அப்படியே ஒருமுறையும் தமிழாக்கத்தை ஒருமுறையும் அடிக்க வேண்டியிருக்கும். கொல்லம் ஆண்டு 1098 என்று கண்டால், மாதத்தைப் பார்த்து 824-ஐயோ 825-ஐயோ கூட்டி 1922 என்றோ 1923 என்றோ குறிப்பெழுத வேண்டும். அண்ணாச்சி வாசிப்பார், நான் அடிப்பேன்.

பல ஆண்டுகள் சாதாரண மெம்பிரேன் கீபோர்டில்தான் இந்த வேலை நடந்தது. அதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும். அதை முழுவதும் நசுக்கினால்தான் எழுத்து விழும். (ரப்பர்ப் பால் வெட்டும் ஊரில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் குமிழ்மேல் ஒரு பாசம் இருந்தது, அது பெரும்பாலும் சிலிக்கோன் என்று பின்னால் தெரிந்தபோது சிறிய ஏமாற்றம்.) டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ரெமிங்டன் இயந்திரத்தின் முன் அமர்ந்து "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று பழகிய கைக்கு அந்த நசுங்கல் ஒருபோதும் பிடிக்கவில்லை. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக ஸ்பிரிங்கும் உலோகத் தொடுமுனையும் கொண்ட ஒரு ஸ்விட்ச் உண்டு, விசை பாதி தூரம் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும் என்று படித்ததும், 2022-இல் மலிவான ஒன்றை வாங்கினேன்.

அது அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது, செர்ரி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச், அல்லது அதைப் பார்த்துச் செய்தது. அதன் காப்புரிமைக் காலம் 2014 வாக்கில் முடிந்தபின், கைல், கேட்டரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில், அதே கூட்டல் குறி வடிவத் தண்டோடு, மிகக் குறைந்த விலையில் ஸ்விட்சுகளைச் செய்யத் தொடங்கின. நிறங்களின் பெயர்களைக்கூட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு என்றால் தடையின்றி நேராக இறங்குவது, பழுப்பு என்றால் வழியில் விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு மேடு உள்ளது, நீலம் என்றால் மேட்டோடு "கிளிக்" என்ற சத்தமும் உள்ளது. செர்ரியின் சிவப்பு ஸ்விட்ச் ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில், மொத்தம் 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்தைத் தரும்; நகல்களும் இதையொட்டியே இருக்கும்.

நான் வாங்கியது நீலம். டைப்ரைட்டர் நினைவு செய்த வேலை அது. முதல் வாரம் பரவசமாக இருந்தது, இரண்டாம் வாரம் அண்ணாச்சி தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "நீ அடிக்கிற சத்தத்துல நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல்ல" என்றார். சத்தத்தைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருப்பது அதன்பின் தெரிந்தது. கிளிக்கி ஸ்விட்சில் எழுத்து விழும் புள்ளியும், மறுபடி அடிப்பதற்காக அது விடுபடும் புள்ளியும் ஒன்றல்ல. விடுபடும் புள்ளி சற்று மேலே இருக்கும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்தை அடுத்தடுத்துத் தட்டுவது எப்போதாவது வருவது. தமிழிலோ "க்க", "ட்ட", "ப்ப", "ம்ம", "ல்ல" இல்லாமல் ஒரு வரி நகராது. "மேற்படி சொத்துக்குப் பட்டா கிடைக்கப்பெற்று" என்று அடிக்கும்போது, ஒவ்வொரு இரட்டிப்பிலும் விரல் சற்று அதிகமாக உயர வேண்டியிருந்தது. அவசரத்தில் உயராவிட்டால் "படா" என்று விழுந்தது. நேராக இறங்கும் சிவப்பில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. தமிழ்99-இல் அடிக்கிற எவருக்கும், என்ன விலைக்கு வாங்கினாலும், நீலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு குறை சொன்னாலும் அந்த மலிவுக் கீபோர்டு விரலுக்குச் சுகமாகவே இருந்தது. மாலையில் மணிக்கட்டு வலித்தது குறைந்தது. மெம்பிரேனிலிருந்து அதற்கு மாறியபோது உணர்ந்த வித்தியாசம், அதிலிருந்து 17,000 ரூபாய்க்கு மாறியபோது உணர்ந்ததைவிட மிகப் பெரியது. இதை வாங்க நினைப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த "நில்லம்" வந்த வழி. ஸ்விட்சின் உள்ளே இரண்டு மெல்லிய உலோக இலைகள் தொடும்போது, அவை ஒரேயடியாகத் தொட்டு நிற்பதில்லை. சில மில்லி விநாடிகள் அதிர்ந்து விட்டுவிட்டுத் தொடும். கீபோர்டின் உள்ளே உள்ள மென்பொருள் அந்த அதிர்வு அடங்கும்வரை சற்றுப் பொறுத்துவிட்டு ஒரு தட்டு என்று எண்ணும். தொடுமுனையில் தூசியோ களிம்போ படிந்துவிட்டால் அதிர்வு நீள்கிறது, பொறுக்கும் நேரம் போதாமல் ஒன்று இரண்டாகிறது. ஆங்கிலத்தில் இதைச் "சேட்டர்" என்கிறார்கள். எங்கள் ஊரில் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு பருவமழைகள். இரண்டுக்கும் நடுவில் கடல்காற்று. ரப்பர் ஷீட்டே காயாமல் பூஞ்சை பிடிக்கும் நாட்களில் ஒரு செம்பு இலை எப்படிப் பளபளப்பாக இருக்கும்? மழைநாள் காலையில் கோளாறு அதிகமாகவும், கணினி சூடேறிய மதியத்தில் குறைவாகவும் இருந்ததை நானே கவனித்தேன்.

விளம்பரங்களில் போடும் ஆயுள் கணக்கு இதில் உதவாது. 5 கோடி தட்டுகள் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. நான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தட்டுகள் அடிக்கிறேன் என்றும், ஆண்டுக்கு 300 நாட்கள் வேலை என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே விசைமேல் விழுகிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த விசைக்கு ஆண்டுக்கு 6 லட்சம் தட்டுகள். 5 கோடியை எட்ட 80 ஆண்டுகளுக்கு மேலாகும். என்னுடையது 80 வாரங்கள்கூடத் தாங்கவில்லை. தட்டித் தேய்ந்து கெடும் ஸ்விட்சுகளைவிட, ஈரத்திலும் தூசியிலும் கெடுவனவே இங்கு அதிகம். செர்ரியின் 5 கோடி, 10 கோடி என்ற எண்களை ஒப்பிட்டு நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

"ல" ஒரு விசை. எண் வரிசையில் "1" விசையும் அதே வழியில் போகத் தொடங்கியபோதுதான் எனக்கு வியர்த்தது. சர்வே எண் 214 என்பது 2114 என்று விழுந்தால், அது அடுத்த கிராமத்தில் யாருடைய விளைநிலமாகவோ இருக்கும். நல்லவேளையாக அது ஒப்பிட்டுப் படிக்கையிலேயே கண்ணில் பட்டது.

இணையத்தில் தேடினால், விண்டோஸில் "ஃபில்டர் கீஸ்" என்ற வசதியைப் போடச் சொல்வார்கள். அது ஒரே விசை மிக விரைவில் மறுபடி அழுத்தப்பட்டால் இரண்டாவதைத் தள்ளிவிடும். ஆனால் அதில் வைக்கக்கூடிய குறைந்த இடைவெளியே அரை விநாடி. வைத்துப் பார்த்தேன், "எல்லை" என்பது "எலை" ஆயிற்று. தமிழின் இரட்டிப்பு மொத்தத்தையும் அது விழுங்கிவிட்டது. கீபோர்டை விற்ற கடைக்கு எழுதினேன். உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. ஸ்விட்சுகள் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்ததால் நானே மாற்றவும் வழியில்லை.

கடைசியில் மார்த்தாண்டத்தில் மொபைல் பழுதுபார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் திருகாணிகளைக் கழற்றிப் பலகையைக் கவிழ்த்து, "ஸ்விட்ச் என்கிட்ட கெடையாது அண்ணே. இதுல நீங்க தொடவே தொடாத பட்டன் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கூலி கொடுத்திருக்கலாம். ஸ்க்ரோல் லாக் விசையையும் பாஸ் (Pause) விசையையும் காட்டினேன். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இரண்டு கால்கள். பற்றுக்கோலால் சூடாக்கி, ஈயத்தைக் குழலால் உறிஞ்சி எடுத்து, ஸ்க்ரோல் லாக்கில் இருந்ததை "ல"வுக்கும் பாஸில் இருந்ததை "1"-க்கும் வைத்தார். ஒரு மணி நேரம், 150 ரூபாய். அன்றிலிருந்து இன்றுவரை அந்த இரண்டு விசைகளும் ஒழுங்காக இருக்கின்றன.

ஆனாலும் அடுத்து எந்த விசை போகுமோ என்ற கலக்கம் இருந்தது. அந்த ஓணத் தள்ளுபடியில், சிவப்பு ஸ்விட்ச் வைத்த விலை உயர்ந்ததை வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை வேறு, அது இங்கே வேண்டாம்.

பெட்டியிலிருந்து எடுத்தபோதே எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். உடல் முழுவதும் அலுமினியம். ஸ்விட்சுகளைத் தாங்கும் தகடு, உடலோடு திருகாணியால் இறுகப் பிணைக்கப்படாமல், நுரைப் பட்டைகளுக்கு நடுவே மிதக்கிறது. இதைக் கேஸ்கெட் அமைப்பு என்கிறார்கள். அதனால் தட்டும்போது அடியில் மிகச் சிறிய ஓர் இணக்கம் தெரியும். மலிவுக் கீபோர்டில் ஸ்பேஸ் பார் தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டு ஆட்டியது போல் ஒலித்தது. இதில் மரப்பலகைமேல் விரல் முட்டியால் தட்டுவது போன்ற ஒரு தணிந்த ஒலி. முதல் நாள் வேண்டுமென்றே ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஒலியின் விலை என்ன என்று பார்க்கத் தோன்றியது. நீளமான விசைகளின் இரு முனைகளும் சேர்ந்து இறங்குவதற்காக அடியில் வளைந்த கம்பி ஒன்று பிளாஸ்டிக் தாங்கிகளில் செருகப்பட்டிருக்கும், அதுதான் ஸ்டெபிலைசர். கம்பி முனை தாங்கிக்குள் தளர்வாக ஆடுவதால்தான் அந்தக் கடகட ஒலி. முந்நூறு ரூபாய்க்குச் சிரிஞ்சில் வரும் கிரீஸ் வாங்கி, மலிவுக் கீபோர்டின் ஸ்பேஸ் பாரைக் கழற்றி, கம்பியின் இரு முனைகளிலும் ஒரு கடுகளவு வைத்து மூடினேன். புளியங்கொட்டைச் சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. அலுமினியத்துக்கும் கேஸ்கெட்டுக்கும் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய பங்கு, தொழிற்சாலையில் யாரோ எனக்காக அந்தக் கிரீஸைப் பொறுமையாக வைத்ததற்குத்தான் என்று தோன்றியது.

விசைகளின் மேல்மூடியான கீகேப்புகளில் வித்தியாசம் மெய்யானது. மலிவில் ஏபிஎஸ் பிளாஸ்டிக், விலை உயர்ந்ததில் பிபிடி. ஏபிஎஸ் விரலின் எண்ணெயிலும் உராய்விலும் மழுங்கி மினுங்கத் தொடங்கும். பிபிடி நெடுநாள் மெல்லிய மணல் தொட்டது போன்ற சொரசொரப்போடு இருக்கும். ஆங்கிலத்தில் அடிப்பவர்கள் "ஈ" எழுத்தும் "ஏ" எழுத்தும் முதலில் மினுங்குவதாகச் சொல்வார்கள். என் கீபோர்டில் முதலில் மினுங்கியவை "எஃப்" விசையும் "டி" விசையும். தமிழ்99-இல் புள்ளி இருப்பது "எஃப்" விசையில். இடது சுட்டுவிரலின் கீழ், தடவிப் பார்க்கும் அந்தச் சிறு மேட்டின் மேலேயே. மலையாளம் அடிக்கும் இன்ஸ்கிரிப்ட் முறையில், நம் புள்ளிக்கு இணையான சந்திரக்கலை இருப்பது அதற்கு அடுத்த "டி" விசையில். இரு மொழிகளின் மெய்யெழுத்தும் பக்கத்துப் பக்கத்து விசைகளில் நின்று தேய்ந்திருந்தன. எட்டே மாதத்தில் "எஃப்" மேட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல் ஆகிவிட்டது. மொழி மாறும்போதெல்லாம் என் சுட்டுவிரலும் நடுவிரலும் வேலையை மாற்றிக்கொள்ள மறந்து, மெய் வரவேண்டிய இடத்தில் உகரத்தைப் போடுவது வேறு கதை. அதற்கு எந்த விலையிலும் மருந்து இல்லை. ஆனால் ஸ்விட்சுத் தண்டின் அளவு ஒன்றே என்பதால் பிபிடி கீகேப் தொகுப்பைத் தனியாக வாங்கி மலிவிலும் பொருத்தலாம், நான் பொருத்திவிட்டேன்.

மொழி மாற்றத்துக்கு விலை உயர்ந்ததில் ஓர் உண்மையான வசதி கிடைத்தது. அதன் உள் மென்பொருள் கியூஎம்கே என்ற திறந்த மூல மென்பொருள். வியா என்ற செயலி வழியாக எந்த விசைக்கும் எந்த வேலையையும் கொடுக்கலாம். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டி மொழி மாற்றுவதை நான் கேப்ஸ் லாக்கில் ஒரே தட்டாக வைத்துக்கொண்டேன். பவர்டாய்ஸ் போன்ற இலவசச் செயலியால் மலிவிலும் இதைச் செய்யலாம், ஆனால் அது கணினியில் தங்கும். வியாவில் செய்தது கீபோர்டின் நினைவகத்தில் தங்குவதால், அண்ணாச்சியின் கணினியில் செருகினாலும் அதே பழக்கம் தொடர்கிறது. அதோடு, அதிர்வு அடங்கப் பொறுக்கும் அந்த நேரத்தையும் கியூஎம்கேயில் மாற்ற முடியும். வழக்கமாக 5 மில்லி விநாடி, அதை 10 ஆக்கினாலும் வேண்டுமென்றே இருமுறை தட்டும் விரலின் வேகத்துக்கு அது குறுக்கே வராது. "எல்லை" எல்லையாகவே இருக்கும்.

வண்ண விளக்குகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டிலும் இருக்கின்றன, இரண்டிலும் அணைத்து வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்து பொறித்த விசை இரண்டிலும் இல்லை, அதுவும் சமம்.

விலை உயர்ந்ததன் குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பக்க விளிம்பு உயரமாக இருப்பதால் மணிக்கட்டுக்கு ஒரு கட்டை வைக்காமல் அரைமணி நேரம்கூட அடிக்க முடியாது. கட்டைக்குத் தனி விலை. பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போகலாம் என்ற எண்ணத்தை அதன் எடை முதல் நாளே ஒழித்தது. சில விசைகளில் தட்டியபின் உலோக உடலுக்குள் "ணிங்" என்று ஒரு ரீங்காரம். இரவில் மட்டும் கேட்கும்.

அடுத்த இடவப்பாதியில் அதிலும் ஒரு ஸ்விட்ச் கெட்டது. "ம" விசை தட்டினால் சில நேரம் விழவில்லை. 17,000 ரூபாயை மழைக்குத் தெரியாது. ஆனால் இதில் ஸ்விட்சுகள் பற்றவைக்கப்படவில்லை, சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தன. கூடவே வந்த இடுக்கியால் பழையதைப் பிடுங்கி, உபரியாக வந்திருந்த ஒன்றைச் செருகினேன். முதல் முறை அவசரத்தில் ஒரு கால் மடங்கிவிட்டது. புருவ இடுக்கியால் நிமிர்த்தி, துளையை நேராகப் பார்த்து மறுபடி செருகியதும் "டக்" என்று அமர்ந்தது. இரண்டு நிமிடம். மார்த்தாண்டம் போகவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் எனக்கு இந்த ஒப்பீட்டின் விடை கிடைத்தது என்று சொல்வேன். அலுமினியம், கேஸ்கெட், ஒலி எல்லாம் காதுக்கும் கண்ணுக்கும். வருத்தமில்லை, ரசித்துத்தான் கொடுத்தேன். வேலைக்கு வேண்டியவை நேராக இறங்கும் ஸ்விட்ச், பிபிடி கீகேப், சாக்கெட், மாற்றியமைக்கத்தக்க மென்பொருள் ஆகிய நான்கு. சாக்கெட் வைத்த கீபோர்டுகள் இப்போது மூவாயிரம், நாலாயிரம் ரூபாயிலேயே கிடைக்கின்றன. சர்வீஸ் சென்டர் என்ற ஒன்று பேருந்து தூரத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் ஒளி, எடை, பெயர் எதையும் பார்க்காமல் முதலில் சாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதிலும் ஒரு கவனம் தேவை: மிக மலிவான சில பலகைகளில் உள்ள சாக்கெட், கால்கள் மெலிந்த அவுட்டெமு ஸ்விட்சுகளை மட்டுமே ஏற்கும், மற்றவற்றை அழுத்திச் செருகினால் சாக்கெட் கெடும். வாங்கும் முன் எந்தெந்த ஸ்விட்ச் பொருந்தும் என்று கேட்டுவிட வேண்டும்.

பழைய கீபோர்டு இப்போது அண்ணாச்சியின் மேசையில் இருக்கிறது. சத்தத்தைக் குறை சொன்னவர், கணக்கு அடிக்கும்போது மட்டும் அந்தக் கிளிக் வேண்டும் என்கிறார். எத்தனை இலக்கம் தட்டினோம் என்று காது எண்ணிக்கொள்ளுமாம். ஸ்க்ரோல் லாக் இருந்த துளைக்குள் எறும்பு போகாதிருக்க ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறார். என் மேசை இழுப்பறையில், மருந்துப் புட்டிகளிலிருந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் பன்னிரண்டு சிவப்பு ஸ்விட்சுகள் இருக்கின்றன. துலாவர்ஷம் தொடங்க இன்னும் மூன்று வாரம்.